அங்கே போய் யாருக்குச் செய்யப் போகிறாய்?

சென்ற முகாமின் இரண்டாம் நாள் காலை, கூட்டுப் பிரார்த்தனை முடிந்து, பசியாறிவிட்டு எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். ஒரே கேள்விதான். "பத்து வருஷத்துக்கு அப்புறம் நீங்க எங்க இருப்பீங்க, என்ன செஞ்சிக்கிட்டு இருப்பீங்க?" டாக்டர், வக்கீல், சொந்தத் தொழில், சிங்கப்பூரில் வேலை என்று வழக்கமான பதில்கள். ஐந்தாம் படிவம் முடித்த ஒரு தங்கச்சி மட்டும், ஐ.நா.வில் வேலை பார்ப்பேன், ஆப்பிரிக்காவில் தண்ணீர் இல்லாத ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பிரிவில் இருப்பேன் என்று எழுதியிருந்தாள்.

எங்கள் ஆலயத்தில் சனிக்கிழமை இலவச வகுப்பு நடத்தும் ஐயா அன்று விருந்தினராக வந்திருந்தார். அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நம்ம பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம நான் வீடு வீடா போய்க் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ அங்க போயி யாருக்குச் செய்யப் போற?" மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு முகாம் முடியும்வரை அவள் கை தூக்கவே இல்லை.

நான்தான் அந்த அங்கத்தை நடத்தியவன். எனக்கு அப்போது பதில் வரவில்லை. ஐயாவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. சின்ன வயதில் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய் மங்கு துடைத்தவர், தன் பென்ஷன் காசில் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்குகிறவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குச் சிரிப்பு பதில் ஆகாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தூரம். தூரத்தில் இருப்பவனுக்குச் செய்யும் கடமை பக்கத்தில் இருப்பவனுக்குச் செய்யும் கடமையைவிடக் குறைந்ததா? பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதியது. அவர் சொன்ன உதாரணம் இன்றைக்கும் பல்கலைக்கழக வகுப்புகளில் வரும். நீங்கள் நடந்துபோகும் வழியில் ஒரு குழந்தை குளத்தில் மூழ்குகிறது. இறங்கினால் உங்கள் உடுப்பு சேறாகும், அவ்வளவுதான். இறங்காமல் போவீர்களா? போகமாட்டீர்கள் என்றால், அந்தக் குழந்தை பத்தாயிரம் மைல் தள்ளி இருப்பதால் மட்டும் என்ன மாறிவிடுகிறது என்கிறார்.

முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்போது அதில் ஒரு குறை தெரிகிறது. குளத்தில் குழந்தை விழுந்தது தற்செயல். யாரும் தள்ளிவிடவில்லை. ஆனால் எங்கள் பாட்டன் மலாயாவில் கடனில் விழுந்தது தற்செயல் இல்லை. கப்பல் கூலிக்கு முன்பணம், அந்தப் பணத்துக்குக் கணக்கு, கணக்கு தீரும்வரை வேலை என்று அதற்கு ஒரு முறையே இருந்தது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி மூலம் ஆள் எடுப்பது 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. இப்படிப்பட்டதைக் கையில் கிடைத்த கயிற்றை வீசி மட்டும் தீர்க்க முடியாது. குளத்தைச் சுற்றி வேலி ஏன் இல்லை, யார் அதைப் பிடுங்கியது, அதில் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. உதவி வேறு, நீதி வேறு என்று நான் பிரித்துப் பார்ப்பது இங்கேதான்.

அந்தக் கடன் கதை முடிந்துபோனதா? எங்கள் பாட்டன்மார் விட்டுவந்த தோட்டங்களில் இன்றைக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவர் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. தொழிற்சாலைக்கு வருகிறவர்களில் பலர் ஏஜென்டுக்குக் கட்டக் கடன் வாங்கி, நிலத்தை அடகு வைத்து வருகிறார்கள். இங்கே வந்து முதல் ஒன்றிரண்டு வருஷச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகிறது. கங்காணி போய் ஏஜென்ட் வந்திருக்கிறார், அவ்வளவுதான். 2020இல் நம் நாட்டுக் கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. காரணம், கட்டாய உழைப்பு என்ற புகார். அதன் பிறகு அந்த நிறுவனம் தொழிலாளர்கள் ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021இல் தடை நீங்கியது. அந்தப் புகார் தானாக அங்கே போய்ச் சேரவில்லை. தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசி, ரசீதுகளைச் சேர்த்து, மாதக்கணக்கில் கடிதம் எழுதிய ஆட்கள் இருந்தார்கள். 'சர்வதேச வளர்ச்சி' என்றதும் நம் மனசில் வரும் படம் வெயிலில் ஒரு கிணறும், சுற்றி நின்று கை தட்டும் பிள்ளைகளும். உண்மையில் அந்த வேலையில் பாதி இந்த மாதிரிக் காகித வேலைதான். யாரும் கை தட்டமாட்டார்கள்.

ஐரின் பெர்னாண்டசை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுங்கை பட்டாணியில், தோட்டத்தில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். தெனகானித்தா அமைப்பைத் தொடங்கியவர். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று 1995இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதற்காக அவர்மேல் போட்ட வழக்கு 2008இல் விடுதலை ஆகும்வரை இழுத்தது. ஒரு மனுஷியின் வாழ்க்கையில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். அவர் ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. ஆனால் அவர் செய்தது உலக நீதி சம்பந்தப்பட்ட வேலை இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? அவர் நம் சமயத்தவர் இல்லை என்பதை நினைவுபடுத்த வருகிறவர்களுக்கு, அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் பெரும்பாலோர் அவருடைய சமயத்தவரும் இல்லை.

ஆக, தூரம் என்பதை மைல் கணக்கில் அளக்க முடியாது. ஐயாவுக்கு நான் சொல்லும் முதல் பாதிப் பதில் அதுதான். ஆனால் இதோடு விட்டால் நான் தப்பித்துக்கொண்டவன் ஆவேன். ஏனென்றால் அவர் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. நீ போவது அவர்களுக்காகவா, உனக்காகவா?

இங்கே சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒன்பது வயது. பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம், வசதி குறைந்த மாணவர்களுக்குப் புத்தகப்பை கொடுக்கிறார்கள் என்று எங்களை ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். நீலப் பை, முன்னால் இரண்டு ஜிப். மேடையில் ஏறி வாங்கினேன். படம் எடுத்தார்கள். இறங்கப் போனால் "தம்பி, வா, வா, சரியா விழல" என்று திரும்பக் கூப்பிட்டார்கள். பையை அவர் கையில் கொடுத்து, மறுபடி வாங்கினேன். மூன்றாம் தடவை ஒரு பெரிய மனிதர் மேடைக்கு வந்து சேர்ந்ததால் அவருக்காகவும் ஒரு முறை. பை நல்ல பைதான், இரண்டு வருஷம் தாங்கியது. ஆனால் அடுத்த வருஷம் பெயர் கேட்டு வந்தபோது அம்மா, "வேணாங்க, நாங்க வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு அப்போதும் வசதி வந்திருக்கவில்லை.

அந்த ஏற்பாட்டாளர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 'உலகத்துக்கு உதவப் போகிறேன்' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வரும். உதவுகிற இடத்தில் நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காகப் போகிறவனுக்கு, வாங்குகிறவன் மூன்று தடவை ஏறி இறங்குவது கண்ணில் படாது.

1936 இறுதியில், இந்திய அரசு சார்பில் சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்தார், நம் தோட்டத் தொழிலாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துப்போக. இன்றைய வார்த்தையில் சொன்னால் அவர் ஒரு சர்வதேச ஆய்வாளர். நல்ல எண்ணத்தோடு வந்தவர், படித்தவர், தமிழர். சில வாரம் சுற்றிப் பார்த்தார். அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. சம்பளம், ஆள்சேர்ப்பு என்று எழுதினார். அவருடைய அறிக்கை போதவில்லை என்று அன்றைக்கே இங்குள்ளவர்கள் வருத்தப்பட்டார்கள். நான்கு வருஷம் கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சைக்கிள்! எந்த ஆய்வாளர் கேள்வித்தாளில் இது வரும்? அரிசி எவ்வளவு, கூலி எவ்வளவு, கொசு எவ்வளவு என்று கேட்கலாம். 'சைக்கிளை விட்டு இறங்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்கத் தோன்றாது. அது உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். அதற்காக அவன் கூலியையும் பிழைப்பையும் பணயம் வைத்தான், துருப்புகள் சுட்டதில் சிலர் உயிரையும் கொடுத்தார்கள். ஐ.நா.வுக்குப் போக நினைக்கும் தங்கச்சிக்கு நான் சொல்ல விரும்புவது, நீ போகும் ஊரிலும் ஒரு சைக்கிள் இருக்கும். அது எதுவென்று உனக்குத் தெரியாது. கேட்டாலும் முதல் வருஷம் சொல்லமாட்டார்கள்.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் குடைராட்டினப் பம்ப் கதை ஒன்று போதும். தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாகச் சுற்றினால் கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் என்று ஒரு ராட்டினம். கேட்கவே அழகாக இருக்கிறது. 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ்ஷே அறிவித்து, 1 கோடியே 64 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. நடந்தது என்ன? பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெண்கள் வெயிலில் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ள வேண்டியதாயிற்று. பழுதானால் சரிசெய்ய ஆள் வரவில்லை. இருந்த கைப்பம்பே நன்றாக இருந்ததே என்றார்கள் ஊர்க்காரர்கள். 2010இல் திட்டம் நின்றது.

நம் இளைஞர்கள் இந்த இடத்தில் கீதையை இழுப்பார்கள்: பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய், மற்றதைக் கிருஷ்ணன் பார்த்துக்கொள்வார். அதை இப்படிப் புரிந்துகொள்வது வசதியான சோம்பேறித்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது. எனக்கு வரும் பலனில் பற்று வைக்காதே என்பது ஒன்று. அவனுக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்காதே என்பது முற்றிலும் வேறு. அர்ச்சுனனுக்கு அம்பு எங்கே போனால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆம்பர் பொட்டலம் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம், சேவை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறோமே, அங்கேயும் இதே கோளாறுதான்.

சரி, சம்பளம்? 'சம்பளத்துக்குச் செய்தால் அது சேவையா?' என்று முகாமில் இன்னொரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. திருமுறைப் போட்டிக்குத் தயார் ஆனவர்களுக்குத் திருவீழிமிழலைக் கதை தெரிந்திருக்கும். ஊரில் கடும் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கியிருக்கிறார்கள். இருவருக்கும் அது சொந்த ஊர் இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. ஒருவர் திருவாமூர், மற்றவர் சீர்காழி. பசி வந்த ஊரில் அவர்கள் விருந்தாளிகள். இறைவன் கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசும் தினமும் வைக்கிறார். அதைக்கொண்டு இரண்டு மடத்திலும் அடியார்களுக்குச் சோறு. ஆனால் சம்பந்தர் மடத்தில் சாப்பாடு தாமதம் ஆகிறது. ஏன் என்று விசாரிக்கிறார். அவருடைய காசைக் கடைக்காரர்கள் வாசி கழித்துத்தான், அதாவது மதிப்புக் குறைத்துத்தான், வாங்குகிறார்கள். அப்பருடைய காசை அப்படியே வாங்குகிறார்கள். அப்பர் கையில் உழவாரத்தோடு உடலால் உழைத்தவர், அதனால் அவர் காசில் வாசி இல்லை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. சோறு தாமதம் ஆகிறது என்பதைச் சம்பந்தர் கவனித்தாரே, அது. தெய்வமே கொடுத்த காசு, ஞானக்குழந்தையின் கையில் வந்த காசு. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவனுக்குத் தெரிவது இலை காலியாக இருக்கிறது என்பதுதான். அங்கிருந்து தொடங்கி, காசு எங்கே தேய்கிறது என்று கேட்டார். தன் மடத்தின் பெயர் கெடும் என்று மறைக்கவில்லை. இன்றைய வளர்ச்சி உலகத்திலும் வாசி உண்டு. கொடுக்கிற இடத்திலிருந்து வாங்குகிற இடம் போவதற்குள் ஓட்டல் மாநாடு, விமான டிக்கெட், ஆலோசகர் கட்டணம் என்று தேய்கிறது. வெளியிலிருந்து வரும் அதிகாரிக்கு ஒரு சம்பளப் படிநிலை, அந்த நாட்டிலேயே எடுக்கப்படும் ஊழியருக்கு வேறு படிநிலை. சம்பளம் வாங்குவது பாவம் இல்லை. வாடகை கட்ட வேண்டும், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். நாயன்மார்களில் குயவர் உண்டு, வண்ணார் உண்டு, எல்லாரும் தொழில் செய்து பிழைத்தவர்கள்தாம். என் கேள்வி, நீ வாங்கும் சம்பளத்தால் யாருடைய இலையில் சோறு தாமதம் ஆகிறது என்று உனக்குத் தெரியுமா என்பதுதான்.

இப்போது ஐயாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவருக்கு நான் ஒரு பெயரைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்: நவநீதம் பிள்ளை. 1941இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பஸ் டிரைவருக்குப் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகளின் வம்சம். சட்டம் படிக்கக் காசு இல்லை. அங்கிருந்த ஏழை இந்தியச் சமூகம் பணம் திரட்டிக் கொடுத்துப் படிக்க வைத்தது. 1967இல் நாட்டால் மாநிலத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த வெள்ளையரல்லாத முதல் பெண் ஆனார். நிற வெறிச் சட்டத்தால் ஒரு நீதிபதியின் அறைக்குள் காலெடுத்து வைக்கவும் அவருக்கு அனுமதி இல்லை. பின்னாளில் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. நீதிமன்றத்தின் நீதிபதியாகத் தான்சானியாவின் அருஷா நகருக்குப் போனார்.

அங்கே அகாயேசு என்ற முன்னாள் நகரத் தலைவர்மேல் வழக்கு. குற்றப் பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி முதலில் ஒரு வரியும் இல்லை. சாட்சிக் கூண்டில் நின்ற பெண்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். நீதிபதிகள் அதைக் காதில் வாங்கி மேலும் கேட்டார்கள்; குற்றப் பத்திரிகை 1997இல் திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2ஆம் தேதி வந்த தீர்ப்பு, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் ஆக முடியும் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்ன முதல் தீர்ப்பு. அந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் பிள்ளைதான். நீதிபதி அறை வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு அந்தப் பெண்களின் குரல் கேட்டதா? என்னால் நிரூபிக்க முடியாது. எனக்கு அப்படி நம்பப் பிடித்திருக்கிறது.

டர்பனில் சில்லறை போட்ட அந்தக் குடும்பங்களில் யாராவது, 'நம்ம பிள்ளைங்க இங்க இருக்கும்போது ருவாண்டாவுக்கு ஏன் போற?' என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருக்கலாம், நம்மைப் போன்ற மனிதர்கள்தானே.

ஆனால் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டுக் கைதட்டல் வாங்கினால் அது ஏமாற்று. 2008 முதல் 2014 வரை அவர் ஐ.நா. மனித உரிமை ஆணையர். இலங்கைப் போரின் முடிவில் நடந்தவற்றுக்கு விசாரணை வேண்டும் என்று விடாமல் சொன்னார். 2013 ஆகஸ்டில் இலங்கைக்குப் போனபோது, தமிழ் ரத்தம் என்பதால் புலிகளின் ஆள் என்று அங்கே ஏசினார்கள். அவர் அதைக் கண்டித்தார். தாம் தென்னாப்பிரிக்கர், அதில் தமக்குப் பெருமை என்றார். அதே மூச்சில் விடுதலைப் புலிகளையும் பல உயிர்களைக் கொன்ற அமைப்பு என்று கடுமையாகச் சாடினார். நம்மில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 'நம்ம ஆளு' ஒருவர் மேலே போய் உட்கார்ந்தால் நமக்காகப் பேசுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர் தமிழருக்கு நடந்ததையும் பேசினார், தமிழர் பெயரில் நடந்ததையும் பேசினார். ஒரு தராசு யாருடைய வீட்டுத் தராசாகவும் இருக்க முடியாதே.

ஐயாவின் கேள்விக்கு மிகக் கடினமான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தங்கச்சியை நாம் படிக்க வைத்து அனுப்பினால், அவள் நமக்குப் பிடிக்காத உண்மையை ஒரு நாள் நம்மைப் பார்த்துச் சொல்லக்கூடும். நம் ஆலயங்களில் கீழ்வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியைப் பற்றியோ, நம் வீட்டுப் பணிப்பெண்ணின் கடப்பிதழ் யார் அலமாரியில் இருக்கிறது என்றோ கேட்கக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ளத் தயார் என்றால்தான் நாம் உண்டியலில் காசு போட வேண்டும்.

முகாம் முடிந்து பஸ் ஏறுமுன் அவள் என்னிடம் வந்தாள். "அண்ணா, அப்போ நான் என்ன படிக்கணும்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 'உலகத்துக்கு உதவுவது' என்று ஒரு பட்டம் இல்லை. தண்ணீர் என்றால் கட்டடப் பொறியியல், நிலத்தடி நீர். இல்லையென்றால் சட்டம், தாதியர், பொதுச் சுகாதாரம், கணக்கியல். ஆமாம், காசு எங்கே தேய்கிறது என்று கண்டுபிடிக்க கணக்காளர் வேண்டும். ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஆங்கிலம் தவிர இன்னொன்று, ஆப்பிரிக்கா என்றால் பிரெஞ்சு. மூன்று மொழி பேசி வளர்ந்த மலேசியப் பிள்ளைக்கு நான்காவது பெரிய விஷயம் இல்லை.

இதை எழுதி முடித்து ஐயாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சைக்கிள் விஷயம் தன் அப்பாவும் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு, "எல்லாம் சரி தம்பி. சனிக்கிழமை கணக்கு கிளாஸ் யாரு எடுக்கிறா?"

அந்தத் தங்கச்சிதான் எடுக்கிறாள், மேற்படிப்புக்குக் கூப்பிடும்வரை. அதற்கப்புறம் ஆள் தேவை. சனிக்கிழமை காலை ஒன்பது மணி, இரண்டு மணி நேரம், நான்காம் ஐந்தாம் படிவக் கணக்கு.